மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்

2025 தீபாவளிக்குத் திருப்பூரிலிருந்து மச்சான் வந்திருந்தார். வாடகைக் கட்டடத்தில் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எடுத்துச் செய்யும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் அவருடையது. அந்த வருடம் ஆகஸ்ட் 27-ஆம் தேதி இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து, வேலை கொடுக்கிற கம்பெனிகளே கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அவரிடம் வரும் பீஸ் பாதியாகிவிட்டிருந்தது. வாடகை மட்டும் அப்படியே இருந்தது. இலையில் வைத்த அதிரசத்தைப் பிட்டுப் பிட்டுப் பொடியாக்கிக்கொண்டே கேட்டார்:

“மாப்ள, கொரோனாவுல உங்க ஓனரம்மா வாடகை குறைச்சாங்கல்ல. நீங்க எப்படிப் பேசுனீங்க?”

“போன் பண்ணிக் கேட்டேன், குறைச்சாங்க” என்றேன். பொய் இல்லை. ஆனால் அவர் பஸ் ஏறிய பிறகு, மீதியையும் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது. அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோவையில் சத்தி ரோட்டில், சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு காம்ப்ளக்ஸ். காம்ப்ளக்ஸ் என்பது பெரிய பேச்சு. கீழே ஐந்து ஷட்டர், மேலே ஒரு ஹால், அவ்வளவுதான். மூலையில் பேக்கரி. (கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காக: இங்கே டீக்கடையின் பெயரே பேக்கரிதான்.) அடுத்து மெடிக்கல், செல்போன் கடை, சலூன், கடைசியில் என்னுடைய ஜெராக்ஸ் கடை. மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஆறு பேருக்கும் ஒரே ஓனர். பட்டறை வைத்திருந்த கணவர் சம்பாதித்துக் கட்டிய கட்டடம். அவர் போன பிறகு ஓனரம்மாவின் கைக்கு வந்தது. பையன் பெங்களூரில் வேலை.

என் தொழிலில் வருடம் என்பது பன்னிரண்டு மாதம் இல்லை. மார்ச், ஏப்ரல் இரண்டு மாதம்தான் வருடம். பக்கத்தில் இரண்டு பொறியியல் கல்லூரிகள். இறுதியாண்டுப் பிள்ளைகள் பிராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு வருவது அப்போதுதான். ஒரு வகுப்பில் 60 பேர், நாலு பேருக்கு ஒரு டீம் என்றால் 15 டீம். டீமுக்கு ஐந்தாறு காப்பி. ஒவ்வொரு டிபார்ட்மென்டுக்கும் ஒரு நிறத்தில் ரெக்ஸின், அட்டையில் தங்க எழுத்து. ராத்திரி இரண்டு மணிக்கும் ஷட்டர் பாதி திறந்திருக்கும். கைடின் பெயரில் இனிஷியல் மாறிப்போய்ப் பிள்ளைகள் அழுதுகொண்டு நிற்பார்கள். மீதிப் பத்து மாதம் ஆதார் காப்பி, ரேஷன் கார்டு காப்பி, ஒரு ரூபாய் இரண்டு ரூபாய்ச் சில்லறை. அப்புறம் டைப்பிங். வாடகை ஒப்பந்தம், பிரமாணப் பத்திரம், விண்ணப்பம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

2020 பிப்ரவரியிலேயே சீசனுக்குத் தயாராகிவிட்டேன். நூறு ரீமுக்கு மேல் பேப்பர், ரெக்ஸின் ரோல்கள், இரண்டாவது மெஷின். மெஷினுக்குக் கடன் 2 லட்சத்து 80 ஆயிரம். மார்ச் 16-ஆம் தேதி அறிவிப்பு வந்தது, 17-இலிருந்து கல்லூரி கிடையாது. பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றதைக் கடைக்குள்ளிருந்து பார்த்தேன். “அண்ணா, மார்ச் 31-க்கு அப்புறம் வந்து பைண்டிங் வாங்கிக்கறோம்” என்று இரண்டு பையன்கள் முன்பணம் 500 கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த 500 இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. 24-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டரை இழுத்துவிட்டேன்.

வாடகை 14,000. அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். தேதி 5.

டி.வி.யில் ஒரு செய்தி ஓடியது. மத்திய உள்துறை மார்ச் 29-ஆம் தேதி போட்ட உத்தரவு, ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று. பேக்கரி அண்ணன் உடனே எனக்குப் போன் செய்தார். “தம்பி, வாடகை இல்லையாமா.” எனக்கும் ஒரு நிமிடம் குளிர்ந்தது. விசாரித்தால் அது தொழிலாளர்கள், புலம்பெயர்ந்து வந்தவர்கள் குடியிருக்கிற வீட்டு வாடகைக்கு. கடைக்கு இல்லை. கடைக்காரனுக்கு என்று ஒரு வார்த்தை எந்த உத்தரவிலும் என் கண்ணில் படவில்லை. கடைக்காரனும் ஓனரும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள் போல.

ஏப்ரல் 5 வந்தது, போனது. ஓனரம்மா கூப்பிடவில்லை. அது பெரிய மனசா, இல்லை நான் கூப்பிடட்டும் என்று காத்திருந்தார்களா, தெரியாது. 8-ஆம் தேதி நானே கூப்பிட்டேன். கூப்பிடுவதற்கு முன்னால் என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிவைத்தேன். அதில் ஒரு வரியைக்கூடப் படிக்கவில்லை. “ஏனுங்கம்மா, நல்லா இருக்கீங்களா” என்பதற்குள் தொண்டை அடைத்துவிட்டது.

“சொல்லு கண்ணு. கடை திறக்காம நீ எங்க போவே, எனக்குத் தெரியாதா. இந்த மாசமும் அடுத்த மாசமும் பாதி குடு. அப்புறம் பாத்துக்கலாம்.”

நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஓனரம்மா குரலைக் கொஞ்சம் இறக்கி, “மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம், கண்ணு. ஒருத்தருக்குக் குடுத்தா ஆறு பேரும் வந்து நிப்பாங்க. எனக்கும் பேங்குல கட்டடக் கடன் ஓடுது” என்றார்கள்.

“சரிங்கம்மா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேனுங்க” என்றேன். மனசார ஒத்துக்கொண்டுதான் சொன்னேன். அந்த நேரத்தில் அது ஒரு சலுகைக்குள் இன்னொரு சலுகை மாதிரி இருந்தது. ஆறு பேரில் என்னை மட்டும் தனியாகக் கவனிக்கிறார்கள் என்கிற பெருமை. 

மே 11-ஆம் தேதி 34 வகைக் கடைகளைத் திறக்கலாம் என்றார்கள். பட்டியலில் ஜெராக்ஸும் இருந்தது. ஷட்டரைத் தூக்கினால் எலிப் புழுக்கை வாசம். பழைய மெஷினின் பின்பக்கக் கேபிளைக் கடித்துத் துப்பியிருந்தன. பேப்பர் இன்னும் மோசம். உடைத்துவைத்த ரீம்கள் ஈரம் குடித்து ஓரம் நெளிந்திருந்தன. அதைப் போட்டால் இரண்டாவது தாளிலேயே ஜாம். ஒவ்வொரு ரீமாக மொட்டை மாடியில் வெயிலில் விசிறிவைத்து, மேலே செங்கல் வைத்து, புரட்டிப் புரட்டிக் காயவைத்தேன். வடகம் காயவைப்பது மாதிரி. என் மனைவி பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

திறந்து என்ன பயன்? கல்லூரி இல்லை. கடைக்கு வந்தவர்கள் இ-பாஸ் போட வந்தவர்கள்தான். சாவுக்குப் போக, கல்யாணத்துக்குப் போக, பிரசவத்துக்குப் போக. ஒரு மனுஷன் அப்பா இறந்ததற்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் நிராகரிக்கப்பட்டு, நாலாவது முறை கிடைத்தபோது அங்கே எல்லாம் முடிந்திருந்தது. அவரிடம் பிரிண்ட்டுக்குக் காசு வாங்கவில்லை. ஒருநாள் வியாபாரம் 200, 300. பிராஜெக்ட்டைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பி.டி.எஃப். ஆக அனுப்பினார்கள், வைவா என்கிற வாய்மொழித் தேர்வும் ஆன்லைன். வருடத்துக்கான சம்பாத்தியம் ஒரு மின்னஞ்சலில் போய்விட்டது.

ஜூனில் மறுபடி ஓனரம்மாவுக்குப் போன் செய்தேன். டிசம்பர் வரைக்கும் மாதம் 9,000 என்று முடிவானது. மறுபடி அதே வார்த்தை. மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்.

இடையில் ஒன்று. எங்கள் ஏரியா வக்கீல் ஒருவர் என் கடையில்தான் பிரிண்ட் எடுப்பார். மே கடைசியில் ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்தார். டெல்லி உயர் நீதிமன்றம் மே 21-ஆம் தேதி சொன்னது. கான் மார்க்கெட் கடை ஒன்றின் வாடகை விவகாரம்; மாத வாடகை மூன்றரை லட்சம். மெஷின் ஒவ்வொரு பக்கமாகத் துப்பத் துப்ப, எனக்குப் புரிந்த ஆங்கிலத்தில் படித்தேன், புரியாததை வக்கீல் சொன்னார். சாரம் இதுதான். ஊரடங்கில் கடையைத் திறக்க முடியவில்லை என்பதற்காக வாடகை தானாக நின்றுவிடாது. ஒப்பந்தத்திலேயே அப்படி ஒரு பிரிவு எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால், இடத்தைக் கையில் வைத்திருக்கிறவரை வாடகை கொடுத்துத்தான் ஆக வேண்டும். கட்டுவதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டுமானால் தரலாம்.

“உங்க அக்ரிமென்டுல அந்த மாதிரி கிளாஸ் இருக்கா?” என்று வக்கீல் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அக்ரிமென்டை டைப் செய்ததே நான்தான். என்னுடையது மட்டுமா, இந்தச் சாலையில் பாதிப் பேருடையது என் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைல். பெயர், ஊர், தொகை, தேதியை மட்டும் மாற்றி, பதினொரு மாதத்துக்கு ஒருமுறை பிரிண்ட். சுண்ணாம்பு அடிப்பது யார், மோட்டார் ரிப்பேர் யார், ஆணி அடிக்கலாமா கூடாதா, எல்லாம் அதில் இருக்கிறது. கடை மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் என்ன என்பது இல்லை. 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த புது வாடகைச் சட்டத்துக்காக ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஃபைலைத்தான் நீட்டினேன். எத்தனை பேர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்து அன்றைக்கு என்னைத் திட்டினார்களோ.

அந்த வருடம்தான் எனக்குத் தள்ளுபடிக்கும் தள்ளிவைப்புக்கும் உள்ள தூரம் தெரிந்தது. காதுக்கு இரண்டும் அக்கா தங்கை மாதிரி. மெஷின் கடனுக்கு ரிசர்வ் வங்கி அறிவித்த அவகாசம் முதலில் மே வரை, பிறகு ஆகஸ்ட் வரை. ஆறு மாதம் கட்டவில்லை. வட்டி மட்டும் நிற்காமல் ஓடியது. வட்டிக்கு வட்டியை அரசே ஏற்கிறது என்று தீபாவளிக்கு முன்னால் என் கணக்கில் 425 ரூபாய் விழுந்தது. பட்டாசு வாங்கினேன்.

ஓனரம்மா 2020-இல் கொடுத்தது தள்ளுபடி. அதில் சந்தேகமே இல்லை. கூட்டிப் பார்த்தால் 49,000 ரூபாய். 2021 மே 10-ஆம் தேதி மறுபடி ஊரடங்கு வந்தபோது கொடுத்தது தள்ளிவைப்பு. “இப்ப குடுக்க முடியாட்டி அப்புறம் குடு கண்ணு, ஆனா குடுத்துரோணும்.” கோவையில் தொற்று குறையாததால் மற்ற மாவட்டங்களுக்கு விட்டதையெல்லாம் நம் பக்கம் தாமதமாகத்தான் விட்டார்கள். மே, ஜூன் இரண்டு மாத வாடகை 28,000. அதை மாதம் 2,000 வீதம் பதினாலு மாதம் வாடகையோடு சேர்த்துக் கட்டினேன். இப்போது யோசித்தால், தள்ளுபடியை விடத் தள்ளிவைப்புதான் என்னை அதிகமாக அழுத்தியது. வியாபாரம் கொஞ்சம் எழும்பும்போதெல்லாம் அந்த இரண்டாயிரம் தலையில் ஒரு தட்டுத் தட்டி உட்காரவைக்கும். வியாபாரம் சுத்தமாக நின்ற மாதத்துக்குத் தள்ளிவைப்பு ஒரு உதவியே இல்லை என்பது என் கட்சி. அந்த மாதம் வராத காசு பிறகும் வரப்போவதில்லை. ஏப்ரலில் போன பிராஜெக்ட் செப்டம்பரில் திரும்பி வந்ததா? தவணை என்பது காசு தாமதமாக வருகிறவனுக்கு. வராதவனுக்கு இல்லை.

சரி, இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

2022 ஏப்ரலில் சொத்து வரி ஏறியது. செப்டம்பரில் கரண்டு பில்லும் ஏறியது. அந்த வருடக் கடைசியில் ஓனரம்மா எல்லோருக்கும் வாடகை ஏற்றப்போவதாகச் சொல்லியனுப்பினார்கள். டைப்ரைட்டிங் சார் அதற்குள் காலி செய்து போயிருந்தார். மீதி ஐந்து பேரும் முதல்முறையாக ஒன்றாகப் போய்ப் பேசலாம் என்று ராத்திரி ஒன்பதரைக்குப் பேக்கரியில் கூடினோம். பத்து வருடம் ஒரே சுவரைப் பங்குபோட்டவர்கள், வாடகை பற்றி ஒரு நாளும் சேர்ந்து பேசியதில்லை. ஒருத்தர் என்ன கொடுக்கிறார் என்று இன்னொருத்தருக்குத் தெரியாது. சம்பளம் கேட்பது மாதிரி, அதைக் கேட்பது மரியாதை இல்லை என்று ஒரு எண்ணம்.

பேச்சுவாக்கில் சலூன் அண்ணன் சொன்னார். “கொரோனாவுலயே நான் ஒரு மாசம்கூட நிறுத்தாம முழு வாடகை குடுத்தனுங்க. அதையாவது நெனச்சுப் பாத்து ஏத்தலாம்.”

யாரும் பேசவில்லை. பேக்கரி அண்ணன் பாய்லருக்குத் திரும்பி, அணைத்துவைத்த அடுப்பில் எதையோ துடைத்தார். மெடிக்கல் தம்பி போனை எடுத்தான். நான் டீ கிளாஸைப் பார்த்தேன். அடியில் சர்க்கரை கரையாமல் நின்றது.

செல்போன் கடைக்காரப் பையன்தான், வயசு குறைவு, பட்டென்று கேட்டுவிட்டான். “ஏண்ணா, நீங்க கேக்கவே இல்லியா? எனக்கு ஏப்ரல் பாதிதான் வாங்குனாங்க.”

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பேக்கரிக்கு ஏப்ரல் முழுசும் தள்ளுபடி, மே 11-க்குப் பிறகு பார்சல் டீ ஓடத் தொடங்கியதும் முழு வாடகை. டைப்ரைட்டிங் சாருக்கு ஆறு மாதம் வாங்கவே இல்லை, ஆனால் காலி செய்யும்போது அட்வான்ஸில் மொத்தமும் கழித்துக்கொண்டார்கள். அவர் அதைத் தள்ளுபடி என்று நம்பிக்கொண்டிருந்தார், அந்தக் கசப்போடுதான் போனார். மெடிக்கல் தம்பி கேட்கவில்லை, அவனுக்குத் தேவையும் இல்லை. “எனக்கு வியாபாரம் நடந்துச்சு. நான் ஏண்ணா குறைக்கச் சொல்லோணும்?” அவன் நேர்மை எனக்கு எப்போதும் பிடிக்கும். செல்போன் பையனுக்கு ஜூனிலிருந்து ஆன்லைன் கிளாஸ் புண்ணியத்தில் அதுவரை காணாத வியாபாரம். அப்படியும் ஜூலையில் இன்னொரு தடவை குறைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். “கேக்கறதுக்கு என்ன காசா?” என்றான். கிடைக்கவில்லை என்பது வேறு.

என் முறை வந்தது. 49,000 என்று சொல்ல நாக்கு வரவில்லை. “எனக்கும் ரெண்டு மாசம் பாதி” என்றேன். 9,000 கணக்கை விழுங்கிவிட்டேன்.

சலூன் அண்ணனுக்கு யார் மேலும் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. மெதுவாக, “எல்லாருக்கும் குடுத்திருக்காங்க” என்றார். பிறகு, “பாப்பாவோட அம்மா செயின் மூணு பவுனு. இன்னும் மீட்கலை” என்றார். மே கடைசி வாரம் வரைக்கும் சலூன் திறக்கக் கூடாது என்று இருந்தது. திறந்த பிறகும் முகத்துக்குப் பக்கத்தில் இன்னொருவன் மூச்சு விடுவதற்குப் பயந்து ஜனங்கள் வீட்டிலேயே டிரிம்மர் வாங்கி வெட்டிக்கொண்டார்கள். ஆறு பேரில் அதிகம் அடிபட்டவர் அவர்தான். முழு வாடகை கொடுத்தவர்களில் வியாபாரமே இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

அவர் ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். முடி வெட்டுகிற கடைக்கு இடம் தர இந்தச் சாலையில் நாலு பேர் மறுத்திருக்கிறார்கள். முடி பறக்கும், தண்ணி தேங்கும் என்று காரணம் சொல்வார்கள். உண்மைக் காரணம் வேறு என்பது ஊருக்கே தெரியும். ஓனரம்மா கொடுத்தார்கள். அந்த நன்றி அவர் வாயைக் கட்டிவிட்டது. கேட்டால் காலி பண்ணச் சொல்லிவிட்டால்? எனக்கு இந்த இடம் போனால் அந்த வாரமே வேறு இடம் கிடைக்கும். அவருக்கு அப்படி இல்லை. இது எனக்கு 2020 ஏப்ரலிலேயே தெரிந்ததுதான். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர். “அண்ணா, நீங்களும் ஒரு போன் போடுங்க, குறைக்கறாங்க” என்று சொல்ல எனக்குப் பத்து விநாடி ஆகியிருக்கும்.

சொல்லவில்லை. சொன்னால் என் 9,000 மறுபடி 14,000 ஆகிவிடுமோ என்கிற பயம். இதை மச்சானிடம் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

வாடகைப் பேச்சு ஒருவழியாக முடிந்து, கேட்டதில் பாதி ஏற்றத்துக்கு ஓனரம்மா ஒத்துக்கொண்டார்கள். ஒரு நாள் வாடகை கொடுக்கப் போனபோது கேட்டுவிட்டேன். ஏனுங்கம்மா, சலூனுக்கு மட்டும் ஏன் குறைக்கலை?

அவர்கள் முகத்தில் வந்தது நடிப்பு இல்லை, நிஜமான திகைப்பு. “அவரு கேக்கவே இல்லையே கண்ணு. அஞ்சாந் தேதி ஆனா டாண்ணு கொண்டுவந்து குடுத்துருவாரு. நேரத்துக்குக் குடுக்கறவங்க கையில காசு இருக்குன்னுதானே நான் நெனப்பேன்?”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார்கள். “அந்தக் காசு இல்லைன்னா அந்த மாசம் நான் பேங்குக்குக் கட்டியிருக்க மாட்டேன்.”

அதாவது எனக்குக் குறைத்த ஏழாயிரமும் ஐயாயிரமும் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். ஓனரம்மாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனசு வராது. இந்தச் சாலையிலேயே, ஏப்ரலில் கடையைப் பூட்டிவைத்திருந்தவனிடம் வாடகை பாக்கி என்று மே மாதம் பொருளை எடுக்கவிடாமல் மேலே இன்னொரு பூட்டுப் போட்ட ஓனர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களோடு வைத்துப் பார்த்தால் எங்கள் ஓனரம்மா தெய்வம். ஆனால் அந்தத் தயவு கேட்கத் தெரிந்தவனுக்கு, கேட்கத் துணிந்தவனுக்குத்தான் கிடைத்தது. யாருக்கு எவ்வளவு அடி என்று பார்த்துப் பிரித்ததில்லை. பார்க்க வழியும் இல்லை, ஆறு பேர் வாயையும் தனித்தனியாகப் பூட்டிவிட்டதால். ஒரே ஒரு நாள் எல்லோரையும் உட்காரவைத்து, “என் கடன் இவ்வளவு, இதுக்குக் கீழ போக முடியாது, மீதியை நீங்களே பாத்துப் பிரிச்சுக்குங்க” என்று சொல்லியிருந்தால் மெடிக்கல் தம்பி முழுசாகக் கொடுத்திருப்பான், சலூன் அண்ணனின் செயின் வீட்டிலேயே இருந்திருக்கும். நான் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுத்திருப்பேனா? கொடுத்திருக்க வேண்டியிருக்கும்.

மச்சானுக்கு நேற்று போன் போட்டுச் சொன்னேன். உங்க காம்பவுண்டுக்குள் எத்தனை யூனிட் இருக்கிறதோ அத்தனை பேரோடும் முதலில் பேசுங்க, அப்புறம் ஓனரிடம் போங்க. மூன்று மாத டெலிவரி சலானை எடுத்துக்கொண்டு போங்க, வியாபாரம் எவ்வளவு விழுந்தது என்று வாயால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். குறைப்பது தள்ளுபடியா, தள்ளிவைப்பா, அட்வான்ஸில் கழிக்கிறதா என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்க. “பக்கத்து யூனிட்டுக்காரன் எனக்குப் போட்டி, மாப்ள, அவன்கிட்ட எப்படிப் பேசுறது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கடைசியாக ஒன்று. 2023-இல் எங்கள் எல்லோருடைய ஒப்பந்தமும் புதுப்பிக்க வந்தது. டைப் செய்தது வழக்கம்போல நான். ஃபைலில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தேன்: அரசு உத்தரவால் கடை மூடப்படும் நாட்களுக்கு வாடகையில் பாதி மட்டுமே செலுத்தப்படும், இது கட்டடத்தில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் ஒரே விதமாகப் பொருந்தும். ஓனரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்கள். பெங்களூருக்குப் போன் போனது. பையன் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் இழுத்து, கடைசியில் அந்தப் பத்தி இப்படி ஆனது: அத்தகைய சூழ்நிலையில் இரு தரப்பினரும் கலந்து பேசி வாடகையைத் தீர்மானித்துக்கொள்வார்கள். எல்லாக் கடைகளுக்கும் என்கிற வார்த்தையும் போய்விட்டது. ஒன்றுமே இல்லாததற்கு இது பரவாயில்லை என்று ஐந்து முத்திரைத்தாளிலும் பிரிண்ட் எடுத்துவிட்டேன்.

சலூன் அண்ணன் மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் கையெழுத்துப் போட வந்தார். கழுத்தில் துண்டு, அதில் ஒட்டிய முடி. “படிச்சுக் காட்டு தம்பி” என்றார். முழுவதும் படித்தேன். அந்தப் பத்தி வந்ததும் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

“கலந்து பேசின்னு போட்டிருக்கு. யாரு மொதல்ல பேசோணும்னு போடலையே?”

“பிரிண்ட் எடுத்தாச்சுங்கண்ணா. இனி மாத்துனா முத்திரைத்தாள் வீணாயிரும்” என்றேன்.

அவர் சிரித்தார். பேனாவை வாங்கி, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜெராக்ஸ் ஒரு காப்பி கேட்டார்.